இடக்கைக் கணக்கு

மூணாறு தலைப்பில்
இருபத்தொன்பது வருஷம் ஷட்டர் ஏற்றியது
வலது கை.
இடதை ஒன்றும் செய்யக் கூடாது என்றார்கள்.
பிரஷர் பார்க்கக் கூடாது, வாட்ச் கூடாது,
சுமை கூடாது, தலைக்கு அணையாகக் கூடாது.
தலைதீபாவளி மாப்பிள்ளை மாதிரி
மடியில் உட்கார்ந்திருக்கிறது.

தஞ்சாவூரில் டாக்டர் மணிமொழி
மருந்துச் சீட்டின் பின்புறம்
இரண்டு கோடு இழுத்தார்.
இது தமனி, நெஞ்சிலிருந்து வருகிறது.
இது சிரை, திரும்பிப் போகிறது.
மணிக்கட்டில் இரண்டையும் சேர்க்கப் போகிறோம்,
டயாலிசிஸ் ஊசிக்கு வேகம் வேண்டும்.

"வடிகாலக் கொண்டுபோய்
ஆத்துத் தலைப்புல கோத்து விடுறீங்க."

பேனாவை மூடினார். சிரிக்கவில்லை.

"கரை தாங்குமா?"

"ஆறு வாரம் குடுங்க குஞ்சிதபாதம்.
தாங்கக் கத்துக்கும்."

வடிகால் கரை எனக்குத் தெரியும்.
நெய்வேலிக் காட்டாமணக்கும் நண்டு வளையும்,
வயல் வேண்டாமென்று விட்டதை மட்டும்
வாங்கிப் பழகிய மண்.

தமனிக்கோ சுவர் மூன்றடுக்காம்.
உள்ளே ஒரே உயிரணுக் கனத்தில் ஒரு வழவழப்பு.
ரத்தம் உரசிப் போகிற வேகத்தை
அதுதான் முதலில் அளக்கும்.
கூடினால் நடுவடுக்குத் தசைக்கு
'கொஞ்சம் தளர்த்து' என்று ஆள் விடும்,
போன் இல்லாத நாளில் ராத்திரியோடு ராத்திரி
நீடாமங்கலத்துக்கு நான் சைக்கிள் மிதித்த மாதிரி.
நடுவில் தசையும் ரப்பர்ப் பாய்களும்
மாற்றி மாற்றி விரித்தது.
வெளியே நார்.
நாருக்குள் மயிரிழைக் குழாய்கள்,
சுவருக்குச் சோறு போட.

கரைக்கே தண்ணீர் விடும் வாய்க்கால்!
எந்த இன்ஜினியர் வரைபடத்திலும்
நான் கண்டதில்லை.

இன்னொன்றும் சொன்னார்.
துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே
நெஞ்சு ஷட்டரை இறக்கிவிடுகிறது.
ஆனாலும் ஓட்டம் நிற்பதில்லை,
விரிந்தபோது வாங்கி வைத்ததைச்
சுவர் சுருங்கித் தள்ளிவிடுகிறது.

என் கரைகளில் ஒன்றாவது
மேட்டூர் மூடிய மறுவாரம்
கடைமடைக்கு ஒரு சாண் தள்ளியிருந்தால்
எத்தனை வசவு மிச்சமாகியிருக்கும் எனக்கு.

தையல் போட்ட அன்று ராத்திரி
வசுமதி காதை வைத்துக் கேட்டாள்.
"பம்புசெட்டு ஓடுறாப்ல இருக்கு" என்றாள்.
பிறகு அந்தப் பக்கம் படுக்கவில்லை.

காலை ஆறுக்கு அளவுகோல் பார்த்த பழக்கம்.
இப்போது மூன்று விரல் வைத்து மணிக்கட்டு பார்க்கிறேன்.
பழைய பதிவேட்டில் எழுதுகிறேன்:
அதிர்வு உண்டு.
பந்தை அமுக்கு, விடு, அமுக்கு.
புல் கனத்திலிருந்த சிரை
கோரைக்கிழங்காய்ப் புடைக்கிறது.
மன்னார்குடியில் ஜமீலா, கழுத்துக் குழாயைக் கழற்றும்போது
தொட்டுப் பார்த்துச் சொன்னாள்,
"தடிச்சிக்கிட்டு வருது அங்கிள்."

தடிக்கும். தசை ஏறும்.
அந்த ரப்பர்ப் பாய் மட்டும் வராதாம்.
அது பெரும்பாலும் கருவிலும் பிள்ளைப் பருவத்திலும் நெய்தது,
அப்புறம் யாரும் தறியில் உட்காருவதில்லை.
எனக்கும்தான், டாக்டர் மணிமொழிக்கும்தான்.

ஆறாவது வாரம் ஐப்பசி முடிந்து
மூன்று நாள் விடாத மழை.
கோரையாற்றில் கசிவு என்று
பையன்கள் மணல் மூட்டையோடு ஓடினார்கள்.
சவுக்கு முளை அடித்தார்கள், வைக்கோல் திணித்தார்கள்.
நான் வலது கையில் டார்ச் பிடித்து நின்றேன்.
இடது தானாக ஒரு மூட்டையின் காதைப் பிடித்தது.
விட்டேன்.
வாழ்க்கையில் பாதியில் விட்ட மூட்டை
அது ஒன்றுதான்.

மூன்றரை மணிக்குக் கரை
சத்தமே போடாமல் உட்கார்ந்தது,
நெடுநேரம் நின்றவர் உட்காருவதுபோல.

விடிந்ததும் பதிவேட்டைத் திறந்தேன்.
ஈரத்தில் பேனா கீறியது.

கோரையாறு வலது கரை, உடைப்பு, முப்பது அடி.
இடது மணிக்கட்டு, அதிர்வு உண்டு.